இரவில் உறங்காத மழலை

ராயகிரியில் எங்கள் மகன் பிறந்த பின் முதல் இரண்டு மாதங்கள் நாங்கள் இரவுறக்கம் அறியோம். கசகசா அரைத்துப் புகட்டுமாறு அண்டைவீட்டுப் பாட்டி பரிவுடன் கூறினார்கள். நாங்கள் இசையவில்லை, அது பச்சிளங் குழந்தையின் மூச்சையே ஒடுக்கிவிடக் கூடும்.

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. ஏறத்தாழ 3 மாதங்களில்தான் அவ்வேறுபாடு மெல்லப் படியும். ஆகவே, பகலில் வெளிச்சத்திலும் வீட்டு அரவத்திலும் அவனை விளையாட விட்டோம். இரவில் விளக்கைத் தணித்து, பேச்சைக் குறைத்துப் பாலூட்டினோம். தூளியில் கண்ணயர்ந்ததும் எடுத்து, தலையணையின்றிச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தினோம்.

நான்காம் மாதத்தில் ஒருநாள், கோழி கூவ விழித்தெழுந்தோம். இரவில் ஒரே முறை பாலுக்கு விழித்த மகன், அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தான். இளம் பெற்றோரே, மருந்தை நாடாதீர்கள்; சற்றே பொறுத்திருங்கள்.