மடலில் இல்லாத இரு சொற்கள்

ஏறத்தாழ 335 சொற்கள். அவ்வளவே! ஏட்டில் இரண்டு பக்கத்துள் அடங்கிவிடும் அந்த மடலைக் காட்டி, “அடிமை ஆண்டையிடமே திரும்ப வேண்டும்” என்றனர் ஒரு சாரார். அதே மடலைக் காட்டி, “அடிமைத்தளை அறுபட வேண்டும்” என்றனர் மற்றொரு சாரார். ஏடு ஒன்று, எழுத்து ஒன்று, தீர்ப்போ இரண்டு! எது மெய்? உரைகாரரை விடுத்து மூலத்தையே கேட்போம் என்று, பவுல் பிலேமோனுக்கு எழுதிய அம்மடலைக் கிரேக்க மொழியிலேயே பயிலத் தொடங்கினோம். ஒரு புறம் அகராதி, மறு புறம் இலக்கண நூல்; நாளொன்றுக்கு இரண்டு வரி, மூன்று வரி. பக்தி கொண்டு படிக்கவில்லை. பகை கொண்டும் படிக்கவில்லை. பொன்னை உரைத்துப் பார்க்கும் வணிகன்போல ஒவ்வொரு சொல்லையும் உரைத்துப் பார்த்தோம்.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிறையிலிருந்து எழுதப்பட்ட மடல் அது. பிலேமோன் வசதி படைத்தவர். கிறித்தவ சபை அவர் வீட்டிலேயே கூடும். ஒநேசிமு அவருடைய அடிமை. எவ்வாறோ பவுலிடம் வந்து சேர்ந்தவன், அவருடைய சமயத்தைத் தழுவுகிறான். அவனைத் திருப்பி அனுப்புகையில் பவுல் தீட்டிய பரிந்துரையே இம்மடல்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘ஒனேசிமொஸ்’ என்றால் ‘பயன்படுபவன்’ என்பது பொருள். அந்நாளில் அடிமைகளுக்குப் பெருவழக்காக இடப்பட்ட பெயர். பிள்ளைக்கு இடும் பெயரா அது? கடப்பாரைக்கும் கலப்பைக்கும் இட வேண்டிய பெயர்! அடிமையை உயிருள்ள கருவி என்றார் அரிஸ்டாட்டில். அந்தத் தத்துவம் ஒரு மனிதனின் பெயராகவே ஆகிவிட்டது. பவுல் அப்பெயரை வைத்துச் சொல்விளையாட்டு ஆடுகிறார். முன்பு அவன் ‘அக்ரேஸ்டொஸ்’, பயனற்றவன்; இப்போதோ ‘யூக்ரேஸ்டொஸ்’, நற்பயன் உடையவன் என்கிறார். நயத்தைச் சுவைத்தோம், ஆயினும் மனிதனைப் பயனால் அளக்கும் கோல் அங்கே இன்னும் முறியவில்லை என்பதையும் கண்டோம்.

அடுத்து ‘ஸ்ப்ளங்க்னா’ என்ற சொல். குடல், ஈரற்குலை என்பது அதன் நேர்ப்பொருள். இக்கால ஆங்கில ஏடுகள் பல அதனை ‘இதயம்’ என்று மெருகேற்றிவிடும். நம் தாய்மார் பிள்ளையை நினைத்து “என் ஈரக்குலையே” என்று கதறுவார்களே, அந்தச் சொல்! ஓர் அடிமையை அப்படி அழைத்து, அவனுடைய ஆண்டைக்கே எழுதுகிறார் பவுல். அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார். ‘அபொடிசோ’, நான் ஈடு செய்வேன் என்று, கடன் பத்திரம் எழுதுபவர்போலத் தம் கையாலேயே எழுதித் தருகிறார். முகவரியிலே அப்பியாள், ஆர்க்கிப்பு, சபையார் அனைவரும் உண்டு. ஆனால் வேண்டுகோள் முழுவதும் ‘நீ’ என்ற ஒருமையில்! ஊர் கேட்க ஒருவரை மடக்கும் உத்தி இது. இன்றைய ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல்லாதலால் இந்நுட்பம் புலப்படுவதில்லை.

இனி அவனை அடிமையாக எண்ணாது உடன்பிறந்தானாக ஏற்குமாறு வேண்டுவதே மடலின் கொடுமுடி. சமய உறவில் மட்டுமன்று, ‘என் சார்க்கி’, அதாவது உடல் வாழ்விலும் என்கிறார். அங்கே அடிமைக்குரிய கிரேக்கச் சொல் ‘டூலொஸ்’. 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில விவிலியம் அதனைப் ‘பணியாள்’ என்று பொருள்படும் சொல்லால் பெயர்த்தது. விலங்கின் மீது பட்டுத்துணி போர்த்தப்பட்டது!

அடிமை என்ற சொல் மடலில் உண்டு. ஆனால் இரண்டு சொற்கள் அங்கே இல்லை.

ஒன்று, ‘ஓடிப்போனவன்’. ஓடிய அடிமைக்குக் கிரேக்கத்தில் ‘ட்ராபெடேஸ்’ என்று தனிச்சொல்லே உண்டு. மடலில் அது காணோம். இருப்பது ‘எகோரிஸ்தே’: பிரிந்தான் என்றும் கொள்ளலாம், பிரிக்கப்பட்டான் என்றும் கொள்ளலாம். திருடினான் என்றும் மடல் சொல்லவில்லை. ‘தீங்கிழைத்திருந்தால்’ என்ற ஐயம் மட்டுமே. அந்த ‘ஆல்’ நாளடைவில் உதிர்ந்தது! 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறிசோஸ்தோம், ஒநேசிமு திருடிவிட்டு ஓடியவன் என்றும், ஆண்டையின் பணியிலிருந்து அடிமையைப் பிரிக்கலாகாது என்றும் விரித்துரைத்தார்.

கதை கடல் கடந்தது. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க அமெரிக்காவில் 1850இல் கடுஞ்சட்டம் பிறந்தபோது, பவுலே திருப்பி அனுப்பினாரே என்று வாதிட்டார் மோசஸ் ஸ்டுவர்ட். யார் அவர்? புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திற்கு இலக்கணம் எழுதியவர்! மடல் அடிமை முறைக்குச் சான்றாகாது என்று ஆல்பர்ட் பார்ன்ஸ் 1846இலேயே நூல் எழுதியிருந்தார். இருவரும் கற்றது ஒரே கிரேக்கம். மொழியறிவு கண்ணைத் தரும். எந்தப் பக்கம் நோக்குவது என்பதை நெஞ்சமே முடிவு செய்கிறது.

இல்லாத இரண்டாவது சொல், ‘எலூதெரியா’, விடுதலை. அச்சொல்லைப் பிற மடல்களில் தாராளமாக வழங்குகிறார் பவுல். இங்கோ ஓரிடத்திலும் இல்லை! கேட்டதற்கு மேலும் நீ செய்வாய் என்று ஒரு குறிப்பு உண்டு. குறிப்பு எப்படி விடுதலையாகும்? ஈரக்குலை என்று உருகியவர், அவனை விடுவி என்று ஒரு சொல் எழுதியிருந்தால், ஸ்டுவர்ட்டுக்குச் சான்று கிடைத்திராதே! நல்லவர்களின் மௌனம் வல்லவர்களின் வாளாகிறது.

இம்மௌனத்தை உடைத்தவர் எவர்? பண்டிதரல்லர், பாமரர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1830களில், சார்லஸ் ஜோன்ஸ் என்ற போதகர் அடிமைகளின் கூட்டத்தில் இம்மடலை எடுத்துப் பேசினார். அவர் தாமும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். ஆண்டைக்கு அடங்குக, ஓடுதல் பாவம் என்று பவுலின் பெயரால் போதித்தார். கேட்டிருந்தோரில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினர்! இப்படி ஒரு மடல் விவிலியத்திலேயே இல்லை என்றனர் சிலர்; ஆண்டைகளை மகிழ்விக்கவே பேசுகிறீர் என்றனர் வேறு சிலர். இதைப் பதிந்து வைத்தவர் அந்தப் போதகரே. அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றமென 1829இல் சட்டம் செய்த மாநிலம் அது. நிகழ்ந்த வட்டாரத்தின் பெயரோ ‘லிபர்ட்டி’, அதாவது விடுதலை!

எழுத்தறியாத அவர்கள் சொன்னது பொய்யா? ஏட்டளவில் மடல் உண்டு. ஆனால் போதகர் ஓதிய மடல், ஓடிய அடிமையைப் பழிக்கும் மடல், மூலத்தில் இல்லை. கிரேக்கம் கற்று நாம் கண்டதை, கசையடி பட்ட முதுகு கற்காமலே கண்டது.

தோழர்களே! எந்த ஏடாயினும் ஆகுக. எவர் பெயரால் வரினும் வருக. உரையை நம்பாது மூலத்தைப் படியுங்கள். படித்தபின் மூலத்தையும் கேள்வி கேளுங்கள்: இதில் இருப்பது என்ன, இல்லாதது என்ன, இல்லாததை இட்டு நிரப்பியவர் யார், அதனால் வயிறு வளர்த்தவர் யார்? இக்கேள்விகளுக்குப் பின்னும் மனிதனை மனிதன் விலங்கிடச் சொல்லும் ஏடு எதுவாயினும், அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திராதீர், எழுந்து வெளியேறுங்கள்!