கணக்கை மறந்த எண்

சென்ற ஆண்டு சமூகசேவை முகாமின் பொருட்டு யாம் நால்வர் கீழக்குயில்குடியில் பத்து நாள் தங்கியிருந்தோம். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து, சமணர்மலையின் அடிவாரத்தே அமைந்த இவ்வூரை நண்பர்கள் பலர் அறிவர். தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் அய்யனார் கோயிலையும் கண்டு களிக்க வருவோர் பலர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவ்வழகைப் பற்றியதன்று. அங்கு யாம் செய்த ஒரு பிழையைப் பற்றியதாகும்.

ஊரிலே ஒரு பாட்டி. கால் இரண்டும் செயலற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர். ஆயினும் வயல்வேலையில் உரம்பெற்ற கைகள் இன்னும் தளரவில்லை. பிறர் தள்ளுவதை அவர் விரும்பார். தெருவிலிருந்து தம் திண்ணைக்குத் தாமே ஏறவேண்டுமென்பது அவர் ஆசை. இரும்பாலே ஒரு சாய்தளம் அமைத்துத் தருவதாக யாம் வாக்களித்தோம்.

திண்ணையின் உயரம் 30 சென்டிமீட்டர். ஒரு பங்கு ஏற்றத்திற்குப் பன்னிரு பங்கு நீளம் வேண்டுமென்பது சக்கர நாற்காலிச் சாய்தளத்திற்குப் பொதுவாகக் கொள்ளும் விதி. கணினியில் கேட் மென்பொருளைத் திறந்து, சாய்தளத்தின் பக்கத்தோற்றத்தை வரைந்து, நீளத்திற்குரிய பெட்டியில் ‘30*12’ என்று தட்டினோம். மென்பொருள் கணப்பொழுதில் பெருக்கி 360 என்று காட்டிற்று. மனக்கணக்கும் மிச்சமாயிற்றென்று மகிழ்ந்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டியின் மகன் திண்ணைமேல் கடப்பைக்கல் பதித்தார். கல்லும் கலவையுமாக உயரம் 36 ஆயிற்று. யாமும் படத்தில் 30 என்பதை 36 என மாற்றினோம். மேல்முனை அழகாக உயர்ந்தது. நீளமும் தானே வளர்ந்திருக்குமென்று நம்பி, தாளில் அச்சிட்டு வெல்டிங் பட்டறையிற் கொடுத்துவிட்டோம்.

சாய்தளம் வந்தது. பாட்டி பாதிவரை ஏறினார், கைகள் நடுங்கின, நாற்காலி பின்னோக்கி உருண்டது. மூவர் பாய்ந்து பிடித்திராவிடில் யாது நேர்ந்திருக்குமென எண்ணவும் அஞ்சுகிறோம். “ஏன் அப்பு, இதுக்கு அந்தப் படியே தேவலையே” என்றார் அவர். வைதிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அளந்து பார்த்தோம். உயரம் 36; நீளம் அதே 360. பன்னிரண்டில் ஒன்றாயிருக்க வேண்டிய சாய்வு பத்தில் ஒன்றாகிவிட்டது.

பிழை எங்கே? யாம் தட்டிய பெருக்கலை மென்பொருள் செய்து முடித்தது. விடையை வைத்துக்கொண்டு கணக்கை எறிந்துவிட்டது. பல மென்பொருள்களில் சமக்குறியை முன்னிட்டுத் தட்டினால்தான் அது சூத்திரமாகப் பதிவாகும். இன்றேல் வெறும் எண்ணே மிஞ்சும். ஒருவேளை ‘30*12’ என்பது அப்படியே பதிவாகியிருந்தாலும் எமக்குப் பயன் விளைந்திராது. அந்த 30 திண்ணையின் உயரமென்பதை மென்பொருள் எங்ஙனம் அறியும்? உயரத்திற்கு ஒரு பெயரிட்டு, நீளத்தை அப்பெயரின் பன்னிரு மடங்கெனச் சொல்லியிருத்தல் வேண்டும். சாலிட்வொர்க்ஸில் அவ்வாறு பிறந்த அளவின் முன் சிக்மா என்னும் கிரேக்க எழுத்து நிற்கும். ஆட்டோகேடில் ‘எஃப்எக்ஸ்’ என்ற குறி நிற்கும். எம் படத்தில் அத்தகைய குறி ஏதுமில்லை. அதனை நோக்கவும் எமக்குத் தோன்றவில்லை.

இம்மென்பொருள்கள் வேறு சில வகையில் கண்டிப்பானவை. நீளம் உயரத்தின் பன்னிரு மடங்கென்றும், உயரம் நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கென்றும் இரண்டையும் ஒருங்கே விதித்தால், ஒன்றையொன்று சுற்றுகிறதென்று ஏலா. ஃப்ரீகேட் போன்றவை அலகையும் ஆராயும்: பன்னிரண்டைத் தவறிப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றிட்டால் விடை பரப்பாகுமே, நீளமாகாதே என்று மறுக்கும். ஆயினும் சூத்திரமே இடாதவனை அவை யாதும் வினவுவதில்லை.

அன்று மாலை மனம் கசந்து மலையேறினோம். செட்டிப்பொடவில் பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் முன் அமர்ந்திருந்தபோது, எம்முள் ஒருவர் சிற்ப நூல்கள் கூறும் தாளமுறையை நினைவூட்டினார். முகத்தின் நீளம் ஒரு தாளம். அதனைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஓர் அங்குலம். உத்தம தசதாளமென்னும் அளவில் அமையும் உருவத்தின் முழு உயரம் 124 அங்குலம். இவ்வங்குலம் கடையிற் கிடைக்கும் அளவுகோலின் அங்குலமன்று. கல் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். மூக்கும் தோளும் முழங்காலும் அதனோடு சேர்ந்து வளரும். 1963-இல் ஐவன் சதர்லாந்து இயற்றிய ஸ்கெட்ச்பேட் கணினித் திரையிற் கோடுகளுக்கு உறவு விதித்ததென்று யாம் படித்திருக்கிறோம். உளி பிடித்தோர் அவ்வகை உறவினை அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையையும் அப்போது பேசினோம். கணபதி ஸ்தபதி அமைத்த அச்சிலை பீடத்தோடு 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்துணை. மேலுள்ள உருவம் 95 அடி, பொருட்பாலின் 70-உம் இன்பத்துப்பாலின் 25-உம் கூடியது. 95 என்று மட்டும் எழுதிய தாளைக் கண்டவன் இதனை அறிவானோ?

மறுநாள் பட்டறைக்கு மீண்டும் போனோம். மேஸ்திரி தாளைப் புரட்டிப் பார்த்து, “தம்பிகளா, உசரத்துக்கு இத்தனை மடங்குன்னு ஓரத்துல எழுதியிருந்தா நானே கேட்டிருப்பேனே” என்றார். தேவை 432; இருப்பது 360. குறைந்த 72 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி, கால்களின் உயரத்தைத் திருத்தி ஒட்டித் தந்தார். கூலி வாங்க மறுத்தார். இரும்பின் விலையை எம் கைப்பணத்திலிருந்து கொடுத்தோம்.

பாட்டி இருமுறை நின்று மூச்சு வாங்கி, மேலே ஏறிவிட்டார். இறங்கும்போது மட்டும் மகன் பிடித்துக்கொண்டார். அன்றிரவு யாம் அந்தப் படத்தை மீண்டும் திறந்து நீளத்தை உயரத்தோடு பிணைத்தோம். பின்பு கைப்பிடிக் கம்பியின் அளவுகளை நோக்கினோம். அவையும் வெறும் எண்களாகவே நின்றன.