ஊவா மலைக் குளிரும் வேட்டைநாய்க் கூட்டமும்

இலங்கைத் தீவிலே ஓநாய் கிடையாது. நரி உண்டு, அதன் ஊளை மலைநாட்டாருக்குப் புதிதன்று. ஆயினும், ஓநாயின் வழித்தோன்றல்களைக் கூட்டமாக அடைத்துவைத்து, மார்கழி தைக் குளிரிலே காப்பாற்ற முயன்ற வரலாறு ஒன்று ஊவா மலைகளுக்கு உண்டு. வெள்ளைக்காரர் இங்கே கொண்டுவந்து வளர்த்த வேட்டைநாய்க் கூட்டங்களையே குறிப்பிடுகிறோம்.

பதுளையிலிருந்து புகையிரதத்திலே புறப்படுவோர் இக்கதை நிகழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியைச் சன்னல் வழியாகவே பார்க்கலாம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. புகையிரதம் அங்கே வந்து சேர்ந்தது 1924 இல். தெமோதரையிலே வளைந்து தன்னைத் தானே கடந்து ஏறும் பாதை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை ஆகிய ஊர்களைத் தாண்டி ஒஹியவை அடையும்போது 1,770 மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். பதுளையிலே மெல்லிய சட்டையோடு ஏறியவர் இங்கே போர்வையைத் தேடுவார். ஒஹியவிலிருந்து மேலும் மலையேறினால் ஹோர்ட்டன் சமவெளி. உயரம் 2,100 மீற்றருக்கு மேல். தை மாசி விடியலிலே வானம் தெளிந்திருந்தால், அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்தாற்போல் கிடக்கும்.

1848 இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிலே குடியேறினார். பின்னாளில் ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே. இங்கிலாந்துப் பண்ணை ஒன்றை அப்படியே பெயர்த்து இங்கே நாட்டிவிட வேண்டுமென்பது அவருடைய எண்ணம். ஆகவே பசு, குதிரை, செம்மறிக் கடா ஆகியவற்றோடு, நரிவேட்டைக்குப் பழகிய நாய்க்கூட்டம் ஒன்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். இங்கே அவர் துரத்தியது நரியை அன்று, மரையை. ஹோர்ட்டன் சமவெளியிலும், ஊவா பரணகமைப் பக்கத்து மக்டொனால்ட் கோட்டை ஆற்றங்கரையிலும் அவருடைய நாய்கள் ஓடின. நாய்கள் மடக்கிய மரையைத் துப்பாக்கியால் சுடாமல், நெருங்கிச் சென்று கத்தியால் குத்துவதையே அவர் வீரமெனக் கொண்டார். அதை வீரமென ஒப்புவது நம்மால் ஆகாது. ஆனால் நாய் வளர்ப்பிலே அவர் பட்ட பாடு கவனிக்கத்தக்கது.

இங்கிலாந்தின் பனியைத் தாங்கிய நாய்க்கு ஊவாக் குளிர் எம்மாத்திரம் என்று வாசகர் கேட்கலாம். குளிர் வேறு, ஈரக்குளிர் வேறு. இதை விளங்கிக்கொள்ள மற்றொரு தேயிலை மலைக்குப் போய்வருவோம். இந்தியாவின் டார்ஜிலிங் நகரிலே 1958 இல் தொடங்கப்பட்டு, இன்று பத்மஜா நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கும் விலங்கியற் பூங்கா, ஹோர்ட்டன் சமவெளியின் உயரத்திலேதான் இருக்கிறது. அங்கே திபெத்திய ஓநாய்கள் அடைப்புக்குள் வளர்ந்து குட்டி ஈன்று பெருகுகின்றன. ஓநாய்க்கு இரண்டடுக்கு மயிர். உள்ளே பஞ்சுபோன்ற அடர்மயிர், வெளியே நீரை வழியவிடும் நீள்மயிர். உடலைச் சுருட்டி, வாலை மூக்கின்மேல் போர்த்திப் படுத்துவிட்டால் அதன் முதுகிலே விழுந்த பனிகூட எளிதில் உருகாது. காற்றை மறைக்கும் ஓர் ஒதுக்கிடம், உலர்ந்த தரை, உறையாத குடிநீர், போதிய இறைச்சி ஆகியவை இருந்தால் குளிர்காலம் அதற்குத் துன்பமன்று. இனப்பெருக்கக் காலமும் அதுவே என்பதால், கூட்டத்துக்குள் மூளும் சண்டையைக் கவனிப்பதே காப்பாளர்க்குப் பெரிய வேலை.

நரிவேட்டை நாய்க்கோ குட்டை மயிர். ஊவாவிலே ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. காட்டிலே நனைந்து, ஆற்றிலே நீந்தித் திரும்பிய நாய் தோல்வரை ஊறிப்போயிருக்கும். அதை அப்படியே நிலத்திலே படுக்கவிட்டால் சொறியும் மூட்டுநோயும் பற்றிக்கொள்ளும். ஆகவே நாய்க்கொட்டிலிலே தரைக்கு மேலே பலகைப் பரண் வேண்டும். பரணிலே உலர்ந்த புல்லைப் பரப்பி, ஈரமானதும் மாற்ற வேண்டும். திரும்பிவந்த ஒவ்வொரு நாயையும் துவட்டி, விரலிடுக்கிலும் மூக்கிலும் அட்டை புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோறும் இறைச்சியும் வேகவைத்துச் சூட்டோடு கொடுக்க வேண்டும். வலிய நாய் மெலிந்ததன் பங்கைப் பறித்துவிடும். அங்கே ஓநாய்ப் புத்தி எட்டிப்பார்க்கும். இவற்றையெல்லாம் துரைமார் தம் கையால் செய்ததாக எண்ணிவிட வேண்டாம். அதற்கென ஆள் வைத்துக்கொள்வது அக்காலத்து வழக்கம்.

இவ்வளவு பேணியும் நாய்கள் நிலைக்கவில்லை. சிறுத்தை கவ்விச் சென்றது. காட்டுப்பன்றி கிழித்தது. நீருக்குள் நின்று எதிர்த்த மரையின் கொம்பும் முன்னங்காலும் பலவற்றின் உயிரைக் குடித்தன. தூய இன நாய்கள் இம்மலைக்கு ஒவ்வாமையால், பேக்கர் கலப்பின நாய்களையே நம்ப நேர்ந்தது. 1854 இல் அவர் வெளியிட்ட வேட்டை நூலிலே கில்பக், ஸ்மட், பிரான், லூசிபர் என்று நாய்கள் ஒவ்வொன்றும் பெயரோடு வருகின்றன. எது எப்படி ஓடியது, எது எங்கே மாண்டது என்பதையெல்லாம் அவர் உருக்கத்தோடு எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டுகளிலே தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு மலையேறியவர் நம் முன்னோர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர் ஆயிரமாயிரம் பேர். வெப்பநாட்டு உடம்போடு வந்த அவர்களுக்கும் இதே ஈரக்குளிர்தான். குளிரைத் தாங்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கம்பளி. அதுவே மழைக்கும் போர்வை, இரவுக்கும் படுக்கை. அதன் விலையோ அவரவர் கணக்கிலே கடனாக ஏறியது. வழியிலே மாண்டவர்களின் பெயரைத் தேடிப் பார்ப்போமாயின், கில்பக்குக்குக் கிடைத்த அரைப் பக்கம்கூட அவர்களில் எவருக்கும் கிடைக்கவில்லை. மலையகக் குடும்பங்கள் பலவற்றிலே, முதலில் வந்த பாட்டனின் பெயரைச் சொல்ல இன்று ஆள் இல்லை.

நாய்க்கூட்டங்கள் போய்விட்டன. வேட்டைக்காரர் தங்கிய விடுதியாகிய ஃபார் இன், தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரோடு சமவெளியிலே இன்னும் நிற்கிறது. இப்போது அது பார்வையாளர் நிலையம். 1988 இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று; 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மாணவர்கள் போவதாயின் தை மாசியிலே, விடியுமுன் புறப்படுவது நல்லது; பொழுது ஏறினால் மூடுபனி உலக முடிவை மறைத்துவிடும். கனத்த உடையும் உலர்ந்த காலுறை ஒரு சோடி கூடுதலாகவும் எடுத்துச் செல்க. ஃபார் இன் முற்றத்திலே கொம்பு விரிந்த மரை ஒன்று, மனிதரைக் கண்டு விலகாமல், மூச்சுப் புகையப் புல் மேய்ந்துகொண்டிருக்கக் காணலாம். அதற்கு ரொட்டித் துண்டு எறியாதீர்கள்.