வந்து மறையும் கோளாறு

எந்திரங்களுக்கு நேரும் கோளாறுகள் இருவகைப்படும். ஒன்று, வந்தபின் நிலைத்து நிற்பது. மற்றொன்று, வந்து மறைவது. முதல் வகை எளிது. நின்றுபோன கடிகாரத்தை எவரும் ஓடுகிறதென்று வாதிடமாட்டார். இரண்டாம் வகையே தொல்லை தருவது. உரியவர் தனித்திருக்கும்போது அது வரும். வல்லுநர் முன்னிலையில் மறைந்துவிடும். பிறகு அந்தக் கோளாறு பொருளை விட்டு நீங்கி, அதைச் சொன்னவர்மேல் ஏறிக்கொள்ளும். ‘உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது’ என்று சொல்லத் தொடங்குவர்.

இத்தகைய கோளாறு ஒன்று ஒட்டன்சத்திரத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தந்தைக்கும் மக்களுக்கும் இடையே புகுந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவ்வீட்டின் அமைதியைக் குலைத்தது. அது தீர்ந்த விதத்தை அருகிலிருந்து கண்டோம். வேறு இல்லங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி, அவர்தம் இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பது வயதை எட்டியவர். அவருடைய தந்தை வாங்கிவைத்த ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார் ஒன்றை இன்றும் பேணி வருகிறார். இளைய தலைமுறையினர் இப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947-இல் அறிமுகம் செய்த கார் இது. சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை நம் நாட்டில் பொருத்தி விற்றது. அதே நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரையும் செய்தது. 1980-களின் இறுதியில் அதன் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. வேன்கார்டின் 2,088 சி.சி. இன்ஜினும் பழைய பெர்குசன் டிராக்டர் இன்ஜினும் ஒரே குடும்பத்தவை.

வேன்கார்டில் முன்செல்ல மூன்றே கியர்கள். நெடுஞ்சாலையில் மூன்றாம் கியரில் நெடுநேரம் ஓடினால் இன்ஜின் களைப்போடு இரையும். பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகும். இதற்குத் தீர்வாகக் கூடுதல் விலைக்குப் பொருத்தப்பட்ட கருவியே ஓவர்டிரைவ். டி நார்மன்வில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த அமைப்பை, ஷெபீல்டு நகரத்து லேகாக் நிறுவனம் செய்து தந்தது. கியர்ப்பெட்டியின் பின்புறம் அமர்ந்திருக்கும் இக்கருவி, இன்ஜின் சுற்றும் வேகத்தைவிடப் பின்தண்டை மிகுதியாகச் சுற்றச் செய்யும். ஸ்டியரிங்குக்கு அருகிலுள்ள சிறு சுவிட்சைத் தட்டினால் போதும். கார் அதே வேகத்தில் ஓட, இன்ஜினின் இரைச்சல் மட்டும் தணியும். ஐந்து கியர்ப் பெட்டிகள் பெருகிய பின்னர் இதற்குத் தேவை இல்லாமற்போயிற்று.

அது இயங்கும் முறையைச் சற்றே விளக்குதல் வேண்டும். ஓட்டுநர் சுவிட்சைத் தட்டியதும் மின்சாரம் ரிலே வழியாகச் சோலனாய்டு என்னும் மின்காந்தத்தை அடைகிறது. அது ஒரு நெம்பை இழுக்கிறது. நெம்பு ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. ஓடும் தண்டினால் இயங்கும் ஒரு பம்ப் எண்ணெயை முன்னரே மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து வைத்திருக்கும். அவ்வெண்ணெய் இரு பிஸ்டன்களைத் தள்ள, கூம்பு வடிவக் கிளட்ச் நகர்ந்து நடுப்பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. உடனே சுற்றியுள்ள சக்கரங்கள் வேகம் கொள்கின்றன. முதல் கியரிலும் ரிவர்சிலும் இது நிகழாதபடி, கியர்ப்பெட்டியிலுள்ள வேறொரு சுவிட்ச் மின்சாரத்தைத் தடுத்துவிடும். திண்டுக்கல் பூட்டில் நெம்புகள் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றாலன்றித் தாழ் நகராது. இதுவும் அவ்வாறே: எண்ணெய், அழுத்தம், நெம்பு, மின்சாரம் ஆகியவற்றுள் ஒன்று தவறினும் ஓவர்டிரைவ் ஏறாது, ஏறியிருந்தால் இறங்கிவிடும்.

ஆசிரியருக்குத் தாராபுரத்தில் மகள் வீடு. கள்ளிமந்தையம் வழியாக மாதம் இருமுறை செல்வார். ஒருநாள் பாதி வழியில் ஓவர்டிரைவ் தானே இறங்கியது. இன்ஜின் திடுமென உறுமியது. சற்று நேரம் கழித்துத் தானே ஏறிக்கொண்டது. அடுத்த பயணத்தில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் இருமுறை. வீட்டில் சொன்னார். மூத்த மகன் காரை எடுத்துப் பார்த்தார். காலை வேளையில், தக்காளியும் முருங்கையும் ஏற்றிக் கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளின் இடையே, சந்தைச் சாலையிலிருந்து ஊர் எல்லைவரை போய்த் திரும்பினார். கோளாறு தோன்றவில்லை. தோன்ற வாய்ப்பும் இல்லை. காலாற நடப்பவரையே முந்த இயலாத அந்த நெரிசலில் ஓவர்டிரைவ் எங்கே ஏறும்?

வெளியூர்ப் பட்டறை ஒன்றில் காட்டினார்கள். நிறுத்திய நிலையிலேயே சோதித்து, ‘குறை ஒன்றும் இல்லை’ என்றனர். மற்றொரு பட்டறையில், ‘சோலனாய்டு போயிருக்கும்; இங்கிலாந்திலிருந்து தருவிக்கவேண்டும்’ என்று பெருந்தொகை சொன்னார்கள். மக்கள் இருவரும் கூடிப் பேசினார்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இல்லாததை உணர்கிறார், காரை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு வேறொரு சான்றும் காட்டினார்கள். வீட்டு வாயிலில் ரிவர்ஸ் எடுக்குமுன் அவர் ஒவ்வொரு முறையும் ஓவர்டிரைவ் சுவிட்சை அணைத்து, காரை நாலடி முன்னே உருட்டிப் பார்த்து, அதன் பின்னரே பின்வாங்குவார். ‘இதெல்லாம் முதுமையின் பிடிவாதம், சாமி’ என்று மூத்தவர் நம்மிடம் வருந்தினார். கார்ச் சாவி பீரோவுக்குள் போயிற்று. பெரியவர் வாதாடவில்லை. மகள் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்; நம்மோடு பேசுவதும் குறைந்தது.

இந்நிலையில், லாரிப் பட்டறையில் தொழில் பழகிய ஓர் இளைஞரை அழைத்துக் காட்டலாமே என்று நாம் கூறினோம். வந்தவர் காரின் மூடியைத் திறக்கவில்லை. நேரே பெரியவரிடம் போய் அமர்ந்தார்.

“ஐயா, அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை? அதை மட்டும் சொல்லுங்கள்.”

பெரியவர் உள்ளே சென்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். நாள், கிளம்பிய நேரம், கோளாறு கண்ட இடம், வெயிலா மழையா என்பவற்றை எல்லாம் ஆசிரியருக்கே உரிய அழகிய எழுத்தில் வரிசையாகக் குறித்திருந்தார். பதினொரு மாதங்களாக எழுதிய அந்த நோட்டை அதுவரை எவரும் கேட்கவில்லை. இளைஞர் விரல் வைத்துப் படித்தார். புறப்பட்ட முதல் அரைமணி நேரத்தில் கோளாறு ஒருமுறையும் இல்லை. மார்கழி விடியலில் சென்ற பயணங்களில் இல்லை. நடுப்பகல் வெயிலில் மிகுதி. “சூட்டில் வருகிறது, சாமி. நின்ற காரில் இதைத் தேடினால் கிடைக்காது” என்றார்.

சூட்டில் எண்ணெய் இளகி அழுத்தம் தளர்ந்தாலும் ஓவர்டிரைவ் இறங்கும். சூட்டில் மின்சாரம் அறுந்தாலும் இறங்கும். இரண்டில் எது என்று அறியாமல் எதையும் மாற்றக்கூடாது என்பது அவர் கொள்கை. முதலில் எண்ணெய் அளவைப் பார்த்தார். கியர்ப்பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய். அது குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். அளவு சரியாக இருந்தது. அடுத்து, சோலனாய்டு இழுத்த நிலையில் நெம்பிலுள்ள துளைக்கும் உறையிலுள்ள துளைக்கும் ஊடே 3/16 அங்குலக் கம்பியை நுழைத்துப் பார்த்தார். தடையின்றிப் போயிற்று; நெம்பும் சரி. பின்னர்ச் சோலனாய்டின் முனையிலிருந்து நீண்ட வயர் ஒன்றைக் காருக்குள் கொண்டுவந்து, அதில் ஒரு சிறு பல்பை மாட்டினார். ஓவர்டிரைவ் இறங்கும்போது பல்பு எரிந்துகொண்டே இருந்தால் குற்றம் எண்ணெயில்; பல்பும் அணைந்தால் குற்றம் மின்சாரத்தில்.

பீரோவிலிருந்து சாவி வந்தது. ஒரு நடுப்பகலில் தாராபுரச் சாலையில் புறப்பட்டோம். பெரியவர் ஓட்ட, இளைஞர் அருகே அமர்ந்தார். பின்னிருக்கையில் மூத்த மகனும் நாமும். பல்பைப் பார்த்திருக்கும் பொறுப்பு மகனுடையது. கள்ளிமந்தையம் கடந்து சிறிது தொலைவு சென்றிருப்போம். இன்ஜின் உறுமியது.

“அப்பா, அணைந்துவிட்டது!” என்றார் மகன்.

பெரியவர் சாலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “ம்” என்றார், அவ்வளவே. அதன்பின் நெடுநேரம் காருக்குள் எவரும் பேசவில்லை.

மறுநாள் அந்தப் பல்பை ஒவ்வோர் இடமாக மாற்றி மாற்றி மூன்றுமுறை ஓடிப் பார்த்தார்கள். ரிலே வரை மின்சாரம் குன்றாமல் வந்தது. கியர்ப்பெட்டிச் சுவிட்சுக்குச் செல்லும் வயரிலே குற்றம் அகப்பட்டது. புகைக்குழாயின் அனலில் பல்லாண்டு வெந்த அந்த வயரின் மேலுறை முழுமையாகத் தோன்ற, உள்ளேயிருந்த செப்பிழைகள் முறிந்திருந்தன. குளிர்ந்த நேரத்தில் விறைத்த உறை முறிந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது. சூடேறி உறை இளகியதும் முனைகள் விலகின. ஓரடி வயரும் ஒரு முனைக்கொக்கியும் மாற்றியதோடு வேலை முடிந்தது. இங்கிலாந்திலிருந்து புதுச் சோலனாய்டு வந்திருந்தாலும் அதுவும் கள்ளிமந்தையம் தாண்டி இறங்கியே இருக்கும்.

புறப்படுமுன் இளைஞர் மக்களிடம் ஒன்று சொன்னார்: “ஓவர்டிரைவ் ஏறிய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே எல்லாம் நொறுங்கிவிடும். இறங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் பின்னால் எடுக்கவேண்டும். ஐயா இத்தனை காலம் அப்படிச் செய்ததால்தான் இது பிழைத்திருக்கிறது.” முதுமையின் பிடிவாதம் என்று பெயர் பெற்ற பழக்கம் அதுவன்றோ!

மக்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. எண்பது வயதில் தந்தை தனியே நெடுஞ்சாலையில் ஓட்டுவது குறித்து அவர்கள் கொண்ட அச்சம் நேர்மையானதே. ஆயின் வயது பற்றிய கேள்வி வேறு; காரின் கோளாறு வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால், ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்த பின்னர் வயதைப் பற்றியும் அவர்களால் அமைதியாகப் பேச முடிந்தது. கண் மருத்துவரிடம் சென்றுவந்தார்கள். பகலில் மட்டும் ஓட்டுவது, உடன் ஒருவர் இருப்பது என்று தந்தையும் மக்களும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

நம் இல்லங்களிலும் வந்து மறையும் கோளாறுகள் பலவுண்டு. மருத்துவர் முன் போனதும் நின்றுவிடும் தாயின் தலைச்சுற்றல். பள்ளிக்குப் புறப்படும் காலையில் மட்டும் வரும் பிள்ளையின் வயிற்றுவலி. ‘நடிப்பு’ என்றும் ‘பிரமை’ என்றும் தீர்ப்பு வழங்குமுன், ஒரு நோட்டை எடுத்து, எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று சில வாரம் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுசெல்லுங்கள். ஒருவேளை, பாதிக்கப்பட்டவரே அதை எழுதி வைத்துக்கொண்டு, எவரேனும் கேட்பார்களா என்று காத்திருக்கவும் கூடும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.