ஒட்டாத துண்டுகள்

திங்கள், இரவு

பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்தை ஆன்லைன் ஜிக்சா புதிராக எடுத்திருக்கிறோம், அம்மாவும் நானும். 500 துண்டுகள். மூல ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஏறக்குறைய எண்பது விளையாட்டுகள். எந்தத் துண்டைத் தொட்டாலும் ஒரு கையோ குல்லாவோ அகப்படுகிறது. இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளைத் தூக்கிப்போட்டு ஆடுகிறார்கள். “நம்ம அஞ்சாங்கல்லுதானே இது!” என்று அம்மா அதிலிருந்தே தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்

விளிம்பு முடிந்தது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் நடந்திருக்கிறது. அம்மா மிச்சத் துண்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்திருக்கிறாள்: சிவப்புச் சட்டைகள் வலது ஓரம், வெள்ளை ஏப்ரன்கள் மேலே, மண்தரை எல்லாம் கீழே. இவற்றில் ஒன்றுகூட இன்னும் ஒட்டவில்லை. ஆனால் மாலை முழுக்க அவள் யோசித்ததெல்லாம் அந்தக் குவியல்களில்தான் இருக்கிறது.

முன்பு ஆடிய ஒரு தளம், சேர்ந்த துண்டுகளை மட்டும் காத்துவைத்து மற்றதை மறுநாள் கலைத்துப்போட்டது. அதைச் சேமிப்பு என்று ஒப்பமாட்டேன். பாதி தைத்த ரவிக்கையை அம்மா ஊசி குத்தியபடியே மடித்துவைப்பாள். அடுத்த நாள் கை விட்ட இடத்திலிருந்து ஓடும். புதிரையும் அப்படித்தான் எடுத்துவைக்க வேண்டும்.

புதன்

நேரமில்லை. திறந்து பார்த்தேன். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

வியாழன்

வைத்த துண்டுகளின் இடமெல்லாம் எங்கே பதிவாகிறது என்று அம்மா கேட்டாள். கணக்குத் தொடங்காமல் ஆடும்போது பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே, லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில். தளம் ஒன்றுக்குச் சுமார் 5 எம்பி. படத்தை அங்கே வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டும் எங்கே கிடக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது, எதனோடு ஒட்டியிருக்கிறது என்ற எண்கள் போதும். 500 துண்டுக்கும் சேர்த்துச் சில பத்து கேபி தாண்டாது. ஆகவே குவியல்களைக் காக்க இடமில்லை என்று எந்தத் தளமும் சொல்ல முடியாது. மனம் வைத்தால் போதும்.

அந்த இடத்தின் ஆயுள்தான் கவலை. இன்காக்னிட்டோவில் ஆடியது ஜன்னலை மூடியதும் போய்விடும். பிரவுசரைச் சுத்தம் செய்யும்போது குக்கீகளையும் தளத் தரவையும் சேர்த்து அழித்தால் அதுவும் போகும். போனில் ஆடியது லேப்டாப்பில் வராது. ஒரே லேப்டாப்பில் குரோமில் ஆடியது ஃபயர்ஃபாக்ஸில் வராது. சஃபாரியில் 2020 முதல் இன்னொரு விதி: பிரவுசரைப் பயன்படுத்திய 7 நாட்களில் அந்தத் தளத்தின் பக்கமே போகாவிட்டால், தளம் எழுதிவைத்தது நீக்கப்படும். பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுக்க வந்த விதி, நல்ல விதிதான். ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒரு பாட்டியின் பாதிப் படமும் அதில் அடிபடுகிறது. இதைத் தொடங்கும்போதே, புரியும் மொழியில், தளங்கள் சொல்லியாக வேண்டும்.

சனி

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டிய வரைபடத்தை நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். அந்த மரப் புதிர்களை ஆடிய பிள்ளைகளுக்குச் சேமிக்க ஒரு மேசை போதுமாயிருந்தது, யாரும் கை வைக்காத மேசை.

நாளை அம்மா மதுரைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினால் புதிர் தளத்தின் சர்வரில் இருக்கும், அங்கிருந்தும் திறக்கலாம். தொடங்கிவிட்டேன். பாஸ்வேர்டை அம்மா தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திங்கள்

மதுரையில் திறந்தது, குவியல்களோடு. இருவரும் ஒரே நேரத்தில் ஆடினால் கடைசியாகச் சேமித்தவருடையதே நிற்கும், மற்றவர் உழைப்பு அழியும். அதனால் காலை அவளுக்கு, இரவு எனக்கு.

சாயங்காலம் போன் வந்தது. “பச்சைக்குதிரை தாண்டுறவனுக்குத் தலை கெடச்சிருச்சு. நீ ராத்திரி ஆத்தைப் பாத்துக்க. என் செவப்புக் குவியலை மட்டும் தொடாத.”

வலது ஓரத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் ஆரம்பித்தேன். குளிக்கிற பிள்ளைகளில் ஒருவன் சேர்ந்துவிட்டான்.