பத்து மில்லிமீட்டரில் குற்றாலம்

ஒரு வருஷமா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல ஒருவழியா கேமரா வாங்கியாச்சு மக்களே! கேமரா புதுசு. கூட வாங்கின 10-20 வைடு ஆங்கிள் லென்ஸ் மட்டும் செகண்ட் ஹேண்ட். அந்த வாரமே தென்காசிக்கு பஸ் ஏறிட்டேன். சாரல் சீசன் வேற, சும்மா இருக்க முடியுமா? :-)

வைடு ஆங்கிள்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: என்னோடது மாதிரி 1.5 கிராப் கேமராவுல, வழக்கமான கிட் லென்ஸ் 18 மில்லிமீட்டர்ல மூலைக்கு மூலை சுமார் 76 டிகிரி பார்க்கும். இது 10 மில்லிமீட்டர்ல சுமார் 109 டிகிரி. வெறும் எட்டு மில்லிமீட்டர்ல என்ன வந்துடப் போகுதுன்னுதான் நானும் நினைச்சேன்.

முதல்ல காசி விசுவநாதர் கோயில். 15ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டினது. இப்ப நிக்கிற ராஜகோபுரம், பழசு சிதைஞ்சு போனதால திரும்பக் கட்டி 1990ல கும்பாபிஷேகம் ஆனது. உயரம் சுமார் 180 அடி. தெருவுல நின்னு அண்ணாந்து ஒரு கிளிக். மொத்தக் கோபுரமும் வந்துடுச்சு, ஆனா மல்லாக்கச் சாயுது! கேமராவை அண்ணாந்து பிடிச்சா கோடெல்லாம் மேல போகப் போக நெருங்கிடும். இன்னும் பின்னால தள்ளி நின்னு, கேமராவை நேரா பிடிச்சு எடுத்தேன். கோபுரம் நிமிர்ந்துடுச்சு. கீழ பாதிப் படத்துக்கு வந்த ரோட்டை அப்புறம் வெட்டிக்கலாம்.

அங்கேருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர்தான். பேரருவிக்கு எதிர்ல நின்னு எடுத்தா, அவ்வளவு பெரிய அருவி வெள்ளை நூல் மாதிரி இருக்கு. இந்த லென்ஸுக்கு எட்ட இருக்கிறதெல்லாம் பொடிசு, கிட்ட இருக்கிறதெல்லாம் பூதம். சரி, கிட்டப் போவோம்னு போனேன். பத்து எண்ணுறதுக்குள்ள லென்ஸ் பூரா சாரல். துடைக்க, எடுக்க, துடைக்க, எடுக்க... கடைசியில ஒண்ணு அருமையா விழுந்துச்சு.

அப்பத்தான் ஒரு அக்கா ஈரத்தோட வேகமா வந்தாங்க.

"தம்பி, போட்டோவுல நாங்களும் இருக்கோமா?"

"இல்லக்கா, அருவியை மட்டும்தான் எடுத்தேன்."

சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். ஸ்கிரீனைக் காட்டினேன். வலது ஓரத்துல, பெண்கள் குளிக்கிற பக்கம், ஈரச்சேலையோட அவங்களும் இன்னும் ரெண்டு பேரும். என் கண்ணு அருவியிலயே இருந்துச்சு. லென்ஸ் பாட்டுக்கு எல்லாரையும் அள்ளிப் போட்டிருக்கு. ஆனா பட்டனை அமுக்கினது நான்தானே? எனக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. அவங்க முன்னாடியே ஒவ்வொண்ணா டெலீட் பண்ணினேன். அந்த அருமையான படமும் போச்சு. "சரி தம்பி, பார்த்து எடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தா கூடத் தேவலை.

அப்புறம் அங்க கேமராவை எடுக்கவே இல்லை. சாயங்காலம் சிற்றாத்தங்கரையில் ஆளில்லாத இடமாப் பார்த்து, முன்னால ஒரு பாசிப் பாறை, பின்னால மேகம் மூடின மலைன்னு எடுத்தேன். அமுக்குறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு சுத்து பார்த்துட்டுத்தான்.

வீட்டுல அம்மா எல்லாத்தையும் பார்த்துட்டு, "குற்றாலம் போயிட்டு அருவி எங்கல?"ன்னாங்க. நடந்ததைச் சொன்னேன்.

"அழிச்சியே, அது போதும்"னு சொல்லிட்டு, பாறைப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாங்க.