நான்கு மூலைப் பூக்களுக்கு நன்றி

எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரத்துச் சித்தி சமூகத்து அக்காமார்களுக்கு,

நீங்கள் வீட்டில் கொங்கணியும் வெளியே கன்னடமும் பேசுகிறவர்கள். ஆனாலும் இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை என் ஊர்க்காரர்கள் நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்று ஆசை.

நாங்கள் ஹுப்பள்ளியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். மழை ஓய்ந்து காட்டில் அட்டைகள் குறைந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் எல்லாப்பூர் வந்து இறங்குவோம். சில வாரம் கவடிக்கெரை ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு மாகோடு பக்கம். அங்கே பேட்தி ஆறு இரண்டு தாவலில் ஏறக்குறைய 200 மீட்டர் கீழே விழுகிறது. சில வாரம் ஜேனுகல்லு குன்று. அதன் உச்சியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கக் காடு, அடியில் ஆறு வளைந்து போகும். இருட்டுவதற்குள் இறங்கி வீடு திரும்பிவிடுவோம்.

சும்மா நடப்பதற்காக நடப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. கிரிவலம் போவார்கள், பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். வேண்டுதல் ஏதும் இல்லாமல் ஒரு குன்றில் ஏறி, பார்த்துவிட்டு இறங்கி வருவதை என் அம்மா “வெட்டி வேலை” என்றார். நானும் அதற்கு நியாயம் தேடிக்கொண்டே இருந்தேன். உடம்புக்கு நல்லது, பிள்ளைகள் நாலு மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வார்கள் என்றெல்லாம். அந்தத் தேடலை நிறுத்தியது நீங்கள் கையால் தைக்கும் ஒட்டுப்போர்வையான கவந்திதான்.

நடந்துவரும் வழியில் உங்கள் வீட்டு வேலிகளில் அது காய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்போர்வை எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்திலும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பதுண்டு. ஆனால் நீங்கள் தைக்கும் விதம் வேறு. தரையில் பழைய சேலையை விரிக்கிறீர்கள். ஓரத்தில் முதல் துண்டை வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, ஓட்டுத்தையலில் போய்க்கொண்டே அடுத்த துண்டைச் சேர்க்கிறீர்கள். நான்கு பக்கமும் ஒரு சுற்று வந்தபின் சற்று உள்ளே தள்ளி அடுத்த சுற்று. சட்டம் இல்லை, முன்பே வெட்டி இணைத்து வைத்த மேல்துணியும் இல்லை. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பதைக் கை அங்கேயே முடிவு செய்கிறது. சுற்று சுருங்கிச் சுருங்கி நடுவுக்கு வரும்போது போர்வை முடிந்துவிடுகிறது.

நான்கு மூலைகளிலும் அந்தப் பூ. சின்னச் சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்து, நிறம் மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துத் தைக்கிறீர்கள். பூலா என்கிறீர்கள். அதனால் குளிர் அடங்காது, போர்வையும் உறுதியாகாது. ஆனால் அது இல்லாத கவந்தி நிர்வாணமாக இருக்கும் என்று உங்களில் மூத்தவர்கள் சொல்வார்களாம். உங்கள் கைவேலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்கள் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் முன்னோர் இந்த மண்ணுக்கு விரும்பி வந்தவர்கள் அல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர்களும் மற்ற வணிகர்களும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள். கோவாவிலிருந்து தப்பியும் விடுபட்டும் இந்தக் காடுகளுக்குள் வந்து சேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய பாக்குத் தோட்டங்களில் கூலி வேலை. பழங்குடிப் பட்டியலில் உங்களைச் சேர்த்ததே 2003இல்தான். கையகலத் துணிக்கும் பயன் இருந்த வீடுகள் உங்களுடையவை. அந்தத் துணியை இன்னொரு கிழிசலில் வைத்துத் தைத்திருக்கலாம். நீங்கள் அதை மடித்து மூலையில் பூவாக வைத்தீர்கள். அதைப் புரிந்துகொண்ட பிறகு, குன்றேறுவதற்கு நான் யாரிடமும் காரணம் சொல்வதில்லை. அதற்குத்தான் முதல் நன்றி.

இரண்டாவது நன்றி என் வீட்டுப் பரணுக்காக. பழைய சேலைகளைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். மாமியாரின் சுங்குடி, கணவரின் வேலைச்சட்டை, பிள்ளைகளின் பழைய சீருடை, டெய்லர் கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணி என்று இப்போது பரணில் ஒரு மூட்டை சேர்ந்திருக்கிறது. பருத்தியாகப் பார்த்துப் பொறுக்குகிறேன். அது துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகிறது. வாரநாளில் சமையற்கட்டு ஒழிந்ததும் கூடத்தில் விரித்து, உங்களைப் போலக் கவந்தி தைக்க உட்கார்ந்துவிடுவேன். மெஷினில் ஓட்டினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் போர்வை விறைத்துக்கொண்டு நிற்கிறது. கைத்தையலில் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சுகம் மெஷினுக்கு வராது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மூலையிலிருந்த பூவைப் புரட்டிப் பார்த்து, “இது எதுக்கு? துவைக்கும்போது மாட்டிக்குமே” என்றார். அது இல்லாமல் போர்வை முடியாது என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இதுல சிவப்பு ஒண்ணு வேணும்” என்று தன் ரவிக்கைத் துண்டைத் தேடப் போனார்.

நன்றி சொல்ல உட்கார்ந்தபின் உங்கள் மாவட்டத்தின் இன்னும் சிலரை விட்டுவிட முடியாது. 1983 செப்டம்பரில் சிர்சி வட்டக் காட்டில், வெட்ட வந்தவர்களுக்கு முன்னால் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்ற சல்கணிக் கிராமத்து மக்கள். அப்பிகோ இயக்கம் அங்கே பிறந்தது. இயற்கைக் காட்டை அழித்துத் தேக்கு மட்டும் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. கட்டை விலை பெறாத, தேனுக்கும் தழைக்கும் நிழலுக்கும் உதவுகிற மரங்களையும் சேர்த்தே அவர்கள் காத்தார்கள். இன்று நாங்கள் நடக்கும்போது தலைக்கு மேல் இருவாச்சி இரைந்துகொண்டு பறக்கிறதென்றால், அது கூடு வைக்கப் பொந்துள்ள கிழட்டு மரம் இன்னும் நிற்கிறது என்று பொருள்.

உங்கள் கவந்திகள் 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன என்று படித்தபோது மனம் நிறைந்தது. இருந்தாலும் அதைச் சுவரில் மட்டும் மாட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது விரித்துப் படுக்க, குழந்தையைக் கிடத்த, நைந்தால் மேலே இன்னொரு துண்டு வைத்துத் தைக்க உண்டானது. இதைப் படிக்கும் தமிழ் வாசகர்கள் யாராவது எல்லாப்பூர்ப் பக்கம் போய்க் கவந்தி வாங்கினால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். ஒன்றைத் தைக்கப் பல வார மாலைகள் போகும். தைப்பவள் பகலெல்லாம் தோட்டத்தில் குனிந்து நின்றவள்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் சாத்தோடி அருவிக்கு வருகிறோம். போகும் வழியில் உங்களிடம் ஒரு கவந்தி வாங்க வேண்டும், இரட்டைக் கட்டிலுக்கானது. நீங்கள் சொல்லும் விலைதான். என்னுடையதையும் எடுத்து வருகிறேன்; மூலையை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.


ஹுப்பள்ளியிலிருந்து உங்கள் தமிழ்த் தங்கை